எச்சரிக்கை யாருக்காக?

இலக்கியம் யாருக்காக என்ற வினாவை நமது விமர்சகர்கள் எழுப்பிய காலத்தில், அது கலைக்குப் புறம்பான வினா என்று முகஞ் சுளித்தோர் பலர். இன்று அவ்வினா பழகிப்போய்விட்டது. கவிதையையோ நாவலையோ எடுத்துக்கொண்டால், அதனைக் கேட்டுவிட்டே மேலே செல்கின்றோம். ஆயினும், மக்களின் வாழ்வையும் சாவையும் நேரடியாகத் தொடுகின்ற வேறொரு வகை எழுத்து நம்மிடையே பெருகி வருகின்றது. அதனை ஆக்குவோர் தம்மை எழுத்தாளர் என்று கருதுவதில்லை; நாமும் அதனை ஓர் எழுத்தாகக் கருதிப் படிப்பதில்லை. கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக வகுக்கப்படும் நெறிமுறைகளையே குறிப்பிடுகின்றேன். ஒரு செய்தியில் எவை கட்டாயம், எவற்றை விட்டுவிடலாம், எத்தனை எழுத்துக்கு இடமுண்டு என்பனவற்றை யாப்பிலக்கணம் போல அவை விதிக்கின்றன. விதிப்பவரின் மனத்தில் ஒரு மனிதன் இருக்கின்றான். அவன் எவ்வாறு காண்கின்றான், எவ்வாறு கேட்கின்றான், எவ்வாறு தீர்மானிக்கின்றான் என்பது பற்றிய ஓர் எண்ணம் அந்த விதிகளுக்குள் உறைந்திருக்கின்றது. அந்த மனிதன் யார் என்று கேட்பது விமர்சகனின் தொழிலேயாகும்.

அத்தகைய ஆக்கங்களுள் ஒன்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கின்றேன். 'பொது எச்சரிக்கை நெறிமுறை' என்று அதனைத் தமிழில் வழங்கலாம். புயல், வெள்ளம், சுனாமி முதலிய ஆபத்துகள் பற்றிய அறிவித்தல் ஒன்றை ஒரே வடிவில் எழுதி, வானொலி, தொலைக்காட்சி, கையடக்கத் தொலைபேசி, கோபுர ஒலிபெருக்கி ஆகிய எல்லாவற்றுக்கும் ஒருங்கே அனுப்புவதற்காக அது வகுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் வெளியான அரசாங்க அறிக்கையொன்று இதற்கு வித்திட்டது. 2001இல் அனர்த்தப் பணியாளரும் கணினி வல்லுநருமாக 130க்கும் மேற்பட்டோர் கூடி இதன் வரைவை ஆக்கத் தொடங்கினர். 2004ஆம் ஆண்டின் முற்பகுதியில் முதற் பதிப்பு ஏற்கப்பட்டது. 2007இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதனைத் தன் பரிந்துரைகளுள் ஒன்றாக்கியது. இப்போது பெருவழக்கிலுள்ள பதிப்பு 2010இல் வெளிவந்தது.

முதற் பதிப்பு வெளிவந்த அதே 2004ஆம் ஆண்டின் டிசெம்பர் 26ஆந் திகதியை மட்டக்களப்பார் எவரும் மறவார். ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையுங் கூட. காலை 7 மணிக்கு ஒரு நிமிடம் முன்பாகச் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி நிலம் குலுங்கிற்று. பதினைந்து நிமிடங்களில் ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் தன் முதலாவது அறிக்கையை வெளியிட்டது: பெரும் நிலநடுக்கம் ஒன்று நிகழ்ந்தது, பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை. நம் நேரப்படி 8 மணியைச் சற்றுத் தாண்டி வந்த இரண்டாவது அறிக்கை, நிலநடுக்க மையத்தின் அண்மையிற் சுனாமி ஏற்படக்கூடும் என்றது. நிலநடுக்கத்துக்கும் நமது கரையை அலை அடைந்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருந்தது. நாவலடியிலும் கல்லடியிலும் பூநொச்சிமுனையிலும் மக்கள் அவ்வேளை தத்தம் காலைக் கருமங்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கருவி அறிந்தது, அறிஞர் அறிந்தனர், அறியவேண்டியவர் அறியவில்லை. இலங்கையில் மாத்திரம் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆகவே, இந்த நெறிமுறை நமக்கு அந்நிய நாட்டு வேடிக்கைப் பொருளன்று. அதனை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது. முதலில் அதன் சிறப்பை ஒப்புக்கொள்ளவேண்டும்.

'ஆபத்து' என்ற ஒரே சொல்லை இந்நெறிமுறை மூன்று வினாக்களாகப் பகுக்கின்றது. எவ்வளவு விரைவில் நடவடிக்கை வேண்டும்? எவ்வளவு கொடியது? எவ்வளவு நிச்சயம்? இம்மூன்றுக்கும் தனித்தனியே விடை எழுதியே ஆகவேண்டும். விரைவுக்கு 'உடனடி', 'ஒரு மணி நேரத்துள்', 'பின்னர்' என்றவாறு படிகள் உண்டு. நிச்சயத்துக்கு 'கண்டறியப்பட்டது', 'நிகழக்கூடியது', 'நிகழலாம்', 'நிகழாது எனலாம்' என்றவாறு படிகள் உண்டு. முதற் பதிப்பில் 'மிகவும் நிகழக்கூடியது' என்று இன்னொரு படியும் இருந்தது. பின்னர் அதனை நீக்கிவிட்டனர். அவசரத்தில் இருக்கும் மனிதனால் நுண்ணிய வேறுபாடுகளைப் பிரித்தறிய முடியாது என்று அறிந்து நடந்தவர்கள் போலத் தோன்றுகின்றது. 

இப்பகுப்பின் பயனை 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆந் திகதி நிகழ்ச்சியைக் கொண்டு நோக்கலாம். சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். பேரலை வரவில்லை, எச்சரிக்கை மீளப்பெறப்பட்டது. 'பொய்யாக விரட்டினார்கள்' என்று எண்ணியோர் பலர். உண்மையில் அது பொய்யன்று. மிகக் கொடியதாக இருக்கக்கூடிய, ஆனால் நிச்சயமற்ற ஓர் ஆபத்து. கொடுமையும் நிச்சயமும் வேறுவேறு என்று மக்களிடம் சொல்லப்பட்டிருந்தால், அன்று ஓடியதற்காக எவரும் பின்னர் வெட்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஓடத் தயங்க வேண்டியதுமில்லை. ஆனால், மூன்றாகப் பகுத்து எழுதப்படும் செய்தி கோபுர ஒலிபெருக்கியை வந்தடையும்போது ஒரே ஊளையொலியாகிவிடுகின்றது. ஆக்கியோர் கண்ட நுட்பம் கணினிக்கும் கணினிக்கும் இடையிலேயே தங்கிவிடுகின்றது. கடைசி மனிதனை அடைவது சத்தம் மட்டுமே.

இந்த இடத்தில் நமது இலக்கணத்திலிருந்து ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ள விரும்புகின்றேன். தொல்காப்பியர் செய்யுளுக்கு 34 உறுப்புகள் கூறினார். அவற்றுள் அசையும் சீரும் தொடையும் மாத்திரமன்றி, கூற்று, கேட்போர், களன், காலம், பயன், முன்னம் என்பனவும் அடங்கும். யார் சொன்னது, யார் கேட்பது, எங்கே, எப்பொழுது, எதற்காக என்பவை செய்யுளுக்கு வெளியே நிற்கும் செய்திகளல்ல. அதன் உடலுறுப்புகள் என்பது அவர் கருத்து. அவற்றுள் முன்னம் என்பது, இந்த இடத்தில் இந்தச் சொல் இன்னார் இன்னாருக்குச் சொல்லத் தக்கது என்று கேட்போர் உணர்ந்துகொள்ளும்படி அமைவது. எல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னார் என்று பெருமை பேசுவதற்காக இதனை இங்கு கூறவில்லை. அத்தகைய பெருமையால் ஓர் உயிரும் பிழைக்காது. சொல் என்பது கேட்போனோடு சேர்ந்தே முழுமை பெறுகின்றது என்ற உண்மையை நமது மாணவர் ஏற்கெனவே கற்றிருக்கின்றனர் என்பதற்காகவே கூறுகின்றேன்.

இவ்வளவுகோலால் நெறிமுறையை அளந்து பார்ப்போம். கூற்று உண்டு: அனுப்புவோரின் அடையாளம் கட்டாயம். காலம் உண்டு: அனுப்பிய நேரம் கட்டாயம். களனுக்கும் இடம் உண்டு. விரைவு, கொடுமை, நிச்சயம் ஆகிய மூன்றும் கட்டாயம் என்பதை மேலே கண்டோம். ஆனால், என்ன செய்யவேண்டும் என்ற அறிவுறுத்தல் கட்டாயமில்லை, விரும்பினால் எழுதலாம். கேட்போர் யார் என்பது கட்டாயமில்லை, விரும்பினால் எழுதலாம். செய்தி எந்த மொழியில் உள்ளது என்பதும் கட்டாயமில்லை. மொழியைக் குறிப்பிடாமல் விட்டால் என்ன ஆகும்? அது ஐக்கிய அமெரிக்க ஆங்கிலம் என்று கொள்ளப்படவேண்டும் என்பது விதி.

இவ்விதியைப் படித்தபோது நான் சற்று நேரம் நூலை மூடி வைத்தேன். ஆக்கியோர் தீய எண்ணத்தோடு இதனை எழுதவில்லை. ஒரே செய்திக்குள் பல மொழிகளில் வாசகங்களை அடுக்குவதற்கு அவர்களே வழி அமைத்திருக்கின்றனர், அது போற்றத்தக்கது. அவசர வேளையில் ஓரிரு இடங்கள் நிரப்பப்படவில்லை என்பதற்காக எச்சரிக்கையே தடைப்பட்டுவிடலாகாது என்ற நியாயமும் அவர்களுக்கு உண்டு. ஆயினும், எதைச் சொல்லாமல் விட்டாலும் தானே விளங்கும் என்று ஒருவன் கருதுகின்றானோ, அதிலேயே அவன் உலகம் வெளிப்படுகின்றது. பேசாத இடத்தில் எந்த மொழி நிற்கின்றது என்பது அதிகாரம் பற்றிய வினா. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தோடு வாழ்ந்து, 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்துக்குப் பின்னும் தன் மொழியில் ஒரு படிவத்துக்காகக் காத்து நிற்கும் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மொழி மட்டுமன்று, எழுத்தின் அளவும் இவ்வாறே. கையடக்கத் தொலைபேசிக் குறுஞ்செய்தியில் 160 எழுத்துக்கு இடமுண்டு என்பது பலரும் அறிந்தது. அந்த எண் எங்கிருந்து வந்தது? 1985இல் ஜெர்மனியின் பொன் நகரில் பிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற பொறியியலாளர் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, மனத்தில் தோன்றிய வாக்கியங்களையும் வினாக்களையும் தட்டிப் பார்த்து எழுத்துகளை எண்ணினார். பெரும்பாலும் எல்லாம் 160க்குள் அடங்கின. தபாலட்டைகளையும் தந்திப் பொறிச் செய்திகளையும் பார்த்து, அது போதும் என்ற முடிவுக்கு வந்தார். மனிதன் சொல்ல விரும்புவதை அளந்து இயந்திரத்தின் விதியை அமைத்த நல்ல முயற்சி அது. ஆனால் அளக்கப்பட்டவை அவருடைய வாக்கியங்கள்; அவருடைய எழுத்துகள். தமிழில் அனுப்பும்போது அதே குறுஞ்செய்தியில் 70 இடங்களே உள்ளன. கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தோன்றும் 'சு' கணினிக்கு இரண்டு இடம். 'க்' இரண்டு இடம். 'சுனாமி எச்சரிக்கை. உடனே கடற்கரையை விட்டு வெளியேறவும்.' என்ற வாசகத்தில் நம் கண் காண்பவை 27 எழுத்துகள். இயந்திரம் எண்ணுவது 46. இடைவெளியும் புள்ளியும் சேர்த்தால் 53. எஞ்சியிருக்கும் 17 இடங்களில் எங்கே போவது, எந்த வழியாற் போவது என்பதைச் சொல்லிவிட முடியுமா?

என் வகுப்பில் பத்தாந் தர மாணவரிடம் இதனை ஒரு பயிற்சியாகக் கொடுத்தேன். கடல் பெருகி வருகின்றது. வீட்டிலிருக்கும் அம்மம்மாவுக்கு 70 இடங்களுக்குள் செய்தி எழுதுக. ஒரு மீனவர் வீட்டுச் சிறுவன் எழுதினான்: 'அம்மம்மா, கடல் வருகுது. தம்பியையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஏறுங்க. விதானையார் சொன்னவர்.' கரும்பலகையில் எல்லோருமாக எண்ணினோம். எழுபதாவது இடம் 'மாடிக்கு' என்ற சொல்லோடு முடிந்துவிட்டது. ஏறச் சொன்ன வினையும், சொன்னவர் யார் என்பதும் வெளியே நின்றன. செய்தியை இரண்டாகப் பிரித்து அனுப்பலாம் என்பது உண்மை. ஆனால் எல்லோரும் ஒருங்கே தொலைபேசியை எடுக்கும் அந்த வேளையில், இரண்டாவது பாதி எப்போது வந்து சேரும் என்று எவர் உறுதி கூறுவார்?

அச்சிறுவனின் வாசகத்தை மறுபடியும் நோக்குக. வல்லுநர் 130 பேர் விரும்பினால் எழுதலாம் என்று விட்டவற்றையே அவன் முதன்மையாக எழுதியிருக்கின்றான். கேட்பவர் யார் என்பது முதற் சொல்லிலேயே உண்டு. அவரோடு இருக்கும் சிறுவனையும் அவன் மறக்கவில்லை. 'உயரமான இடம்' என்று பொதுவாகச் சொல்லாமல் பள்ளிக்கூட மாடி என்றான். கடைசியில், சொன்னவர் விதானையார் என்று சான்றும் காட்டினான். தொல்காப்பியர் முன்னம் என்றது இதனைத்தான்.

'உயரமான இடத்துக்குச் செல்லுங்கள்' என்பது உலகெங்கும் சுனாமி எச்சரிக்கையோடு வரும் அறிவுறுத்தல். மலையடிவாரக் கரைகளுக்கு அது பொருந்தும். மட்டக்களப்பின் நிலத்தை அறிந்தவர், இங்கு அந்த வாக்கியம் பொருளற்றது என்பதையும் அறிவர். கிழக்கே கடல், மேற்கே ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமான வாவி, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்பரப்பில் எழுவான்கரையின் ஊர்கள். நாவலடி, கடலும் வாவியும் ஏறக்குறையக் கைகோத்துக்கொள்ளும் முகத்துவாரத்தின் அருகில் உள்ளது. அங்கிருந்து கடலுக்கு முதுகு காட்டி ஓடுகின்றவன் வாவிக்குள் ஓடுகின்றான். 2004இல் பட்டினத்தையும் கல்லடியையும் இணைத்து நின்றது 1924இல் கட்டப்பட்ட ஒடுங்கிய பாலம் ஒன்றே. புதிய பாலம் 2013இலேயே திறக்கப்பட்டது. இங்கு 'ஓடு' என்று சொன்னாற் போதாது. எந்த மாடிக்கு, எந்த ஒழுங்கையால், தோணி இருந்தால் எந்தத் துறையிலிருந்து படுவான்கரைக்கு என்று சொல்லவேண்டும். அதனைக் கொழும்பிலிருந்தோ ஹவாயிலிருந்தோ எவரும் எழுத முடியாது. அவ்வூரவரே முன்கூட்டி எழுதி வைக்கவேண்டும்.

நெறிமுறையில் உறைந்திருக்கும் மனிதனைப் பற்றிய என் முக்கியமான கருத்து வேறுபாடு இனி வருவது. அவன் தனி மனிதன். செய்தியைப் பெறுகின்றான், படிக்கின்றான், விளங்கிக்கொள்கின்றான், தீர்மானிக்கின்றான், செயற்படுகின்றான். சென்ற நூற்றாண்டின் சில நாவல்களில் ஊரும் உறவும் தொழிலும் கழற்றப்பட்டு மனம் மட்டுமாக உலவிய அந்தத் தனி மனிதனே கணினி நெறிமுறைக்குள்ளும் வந்து அமர்ந்திருக்கின்றான். யதார்த்தம் வேறு. டெனிஸ் மிலெற்றி, ஜோன் சோரன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர், எச்சரிக்கை கேட்ட மக்கள் என்ன செய்கின்றனர் என்பது பற்றிய ஆய்வுகளை 1990இல் தொகுத்துக் காட்டினர். மக்கள் கேட்டவுடன் ஓடுவதில்லை, முதலில் விசாரிக்கின்றனர். அயலவரைக் கேட்கின்றனர்; உறவினரைத் தேடுகின்றனர்; மற்றவர் என்ன செய்கின்றனர் என்று பார்க்கின்றனர்; அதன் பின்னரே நம்புகின்றனர். இது அறியாமையாலோ மந்தத்தாலோ வருவதன்று. சேர்ந்து வாழ்வோர் சேர்ந்தே தீர்மானிக்கின்றனர்.

தீர்மானத்துக்குப் பொருளாதாரமும் உண்டு. கரைவலை வளைத்து நிற்கும் சம்மாட்டியும் அவரிடம் கூலிக்கு வலை இழுப்பவரும் ஒரே எச்சரிக்கையைக் கேட்டாலும் ஒரே மாதிரித் தீர்மானிப்பதில்லை. இயந்திரத்தைக் கடனுக்கு வாங்கியவன், படகைக் கரையேற்றிவிட்டுப் போகவே எண்ணுவான். நாட்கூலியை நம்பியவன் இரண்டாவது முறை பொய்த்துப்போன எச்சரிக்கைக்கு ஒரு நாள் உழைப்பை விலையாகக் கொடுக்கின்றான். கிழக்கிலங்கையில் 2004இல் மாண்டோருள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. தொலைபேசி வீட்டில் யார் கையில் இருக்கின்றது, அடுப்படியில் நிற்பவளுக்குச் செய்தி எப்போது எட்டுகின்றது என்ற வினாக்களை எந்தப் பட்டியலின் எந்த இடத்தில் நிரப்புவது? கணினிக்குள் வர்க்கமும் பால்நிலையும் இல்லை என்று கூறுவோர், கடற்கரைக்கு வந்து பார்க்கவேண்டும்.

இவற்றையெல்லாம் கணினியாளர் முற்றாக அறியாதிருந்தனர் என்று கூறுவது அநீதி. நமது நாட்டிலேயே ஒரு நல்ல முயற்சி நடந்தது. லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனமும் சர்வோதய இயக்கமும் சேர்ந்து, 2005க்கும் 2007க்கும் இடையில் சுனாமியாற் பாதிக்கப்பட்ட 32 கிராமங்களில் இந்த நெறிமுறையைப் பரீட்சித்தன. மொறட்டுவையிலுள்ள மையத்திலிருந்து செய்தி புறப்பட்டது. செய்மதி வானொலி, கையடக்கத் தொலைபேசி, தனியான அபாயமணிக் கருவி என்று வெவ்வேறு கருவிகள் ஒப்பிடப்பட்டன. கருவியை மட்டும் அவர்கள் அளக்கவில்லை. பயிற்சி பெற்ற கிராமத்தையும் பெறாத கிராமத்தையும், ஒழுங்கமைந்த கிராமத்தையும் அமையாத கிராமத்தையும் ஒப்பிட்டனர். செய்தியைப் பெறுவதற்கென்று ஒவ்வோர் ஊரிலும் ஒருவரைப் பொறுப்பாக்கினர். நெறிமுறையின் கடைசிக் கண்ணி ஒரு மனிதர், அவருக்குப் பின்னே ஓர் ஊர் என்பதை அவ்வாய்வு ஏற்றுக்கொண்டது. சுனாமிக்குப் பின் இலங்கைக் கணினியாளர் தொண்டர்களாகக் கூடி ஆக்கிய 'சகானா' என்ற இலவச மென்பொருள் பிற நாடுகளிலும் பயன்பட்டமை நமக்குப் பெருமை தருவது. ஆக, வேண்டிய அறிவும் ஆற்றலும் நம்மிடம் உண்டு. ஆய்வு முடிந்ததும் ஊரிலிருந்து அகன்றுவிடாத அமைப்பு ஒன்றே குறைவு.

இனி, எச்சரிக்கையின் தமிழ் எத்தகையதாக இருக்கவேண்டும்? 1960களில் ஈழத்து இலக்கிய உலகில் நிகழ்ந்த மரபுப் போராட்டம் வாசகர் பலருக்கு நினைவிருக்கும், அல்லது படித்திருப்பர். உழைக்கும் மக்களின் பேச்சு வழக்கு இலக்கியத்தில் இடம்பெறுவதை இழிசனர் வழக்கு என்று பழித்தோருக்கு முற்போக்கு அணியினர் தக்க விடை அளித்தனர். அதே வழக்கு இன்று வேறொரு மன்றத்துக்கு வந்திருக்கின்றது. 'தாழமுக்கம் வலுவடைந்து வடமேற்குத் திசையில் நகரக்கூடும்' என்பது பிழையற்ற தமிழ். வீச்சுவலையோடு வாவியில் நிற்பவனுக்கு அதனால் என்ன தீர்மானம் பிறக்கும்? 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியைக் கண்ட முதியவர்களிடம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்து ஓய்ந்து, எந்தப் பக்கத்திலிருந்து மீண்டும் அடித்தது என்று கேட்டால், அவர்கள் சொல்லும் தமிழில் திசையும் காலமும் ஆபத்தும் ஒருங்கே நிற்கும். தெளிவில் அது ஏட்டுத் தமிழுக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று. பௌர்ணமி இரவில் தோணியிலிருந்து துடுப்பை நீரில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாட்டைக் கேட்டறிந்த மக்கள் இவர்கள். காண்பதிலும் கேட்பதிலும் இவர்களுக்கு எந்தக் குறையுமில்லை. குறை, இவர்களைக் கேளாமல் எழுதும் வழக்கத்தில் உள்ளது.

என் முடிவு இது. பொது எச்சரிக்கை நெறிமுறை உருவத்தால் நல்ல ஆக்கம். அதன் மூன்று வினாக்களும் பல மொழிக்கு அமைந்த இடமும் பேணப்படவேண்டியவை. உள்ளடக்கத்தில் அது அரைகுறை. மொழி, கேட்போர், அறிவுறுத்தல் ஆகிய மூன்றையும் நம் நாட்டில் விரும்பினால் எழுதலாம் என்று விடலாகாது, கட்டாயமாக்கவேண்டும். ஒரு நாடு தனக்கென இத்தகைய கூடுதல் விதிகளை வகுத்துக்கொள்வதை அந்நெறிமுறை தடுக்கவில்லை. தமிழும் சிங்களமும் இன்றி எந்த எச்சரிக்கையும் புறப்படலாகாது. அறிவுறுத்தலின் வாசகம், ஆபத்து வரும் வேளையில் மொழிபெயர்ப்பாளரைத் தேடி எழுதப்படுவதாக இராமல், ஊருக்கு ஊர் முன்னரே எழுதப்பட்டு இருக்கவேண்டும்.

அதை எழுதுவோர் யார் என்று கேட்டால், ஆசிரியரும் மாணவரும் என்பேன். நமது பாடசாலை ஒவ்வொன்றிலும் கட்டுரை எழுதும் பாடவேளை உண்டு. நிலவையும் வசந்தத்தையும் பற்றி ஆண்டுதோறும் எழுதுவிக்கின்றோம். இவ்வாண்டு ஒரு பாடவேளையை எடுத்து, ஒவ்வொரு மாணவனும் தன் தெருவுக்குரிய எச்சரிக்கையைத் தன் ஊர்த் தமிழில் எழுதட்டும். எந்த மாடி, எந்த ஒழுங்கை, நடக்க முடியாத முதியவரை யார் தூக்குவது, கோயில் மணியை யார் அடிப்பது, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யார் பேசுவது என்பனவெல்லாம் அதில் இருக்கட்டும். அவற்றைத் திரட்டிப் பிரதேச செயலகத்திலும் மீனவர் சங்கத்திலும் கொண்டுபோய்க் கொடுப்போம். எழுபது இடங்களுக்குள் அடங்காத அந்த வாசகங்களுக்கு இடங் கொடுக்கும்படி இயந்திரத்தை மாற்றவேண்டியது கணினியாளரின் கடமை. நமது மாணவருள்ளும் நாளைக்குக் கணினியாளர் ஆகப் போகின்றவர் இருக்கின்றனர். அவர்கள் எண்ணத் தொடங்கும்போது, அந்தச் சிறுவனின் செய்தியை எழுபதாவது இடத்தில் அறுக்காமல் இருக்கக் கடவர்.